காப்பி இல்லாத வீடு

ஆசீர்விளையில் காப்பி போடாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தானியேலின் வீடு. ஏரலிலிருந்து கொற்கைக்குப் போகிற ரோட்டில் வாய்க்கால் பாலம் தாண்டி இறங்கினால் வாழைத் தோட்டங்களுக்கு மேலே கோயில் கோபுரத்துச் சிலுவை தெரியும். சிலுவைக்குக் கீழே ஊர். விடிகாலையில் கோயில் மணி அடிப்பதும் வீடு வீடாகக் கருப்பட்டிக் காப்பி கொதிப்பதும் அங்கே ஒரே நேரத்தில்தான் நடக்கும். சண்டை போட்டவர்கள் ராசியானால் காப்பி. பெண் பார்க்க வந்தால் காப்பி. இழவு விழுந்தால் பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளி நிறையக் காப்பி வரும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் சீரகத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றால் மனுஷன் என்ன நினைப்பான்? மரியாதை தெரியாத வீடு என்றுதான் நினைப்பான்.

மரியாதைக்கு அந்த வீட்டில் குறைவே கிடையாது. தானியேலும் அவன் பெண்டாட்டி ஞானக்கனியும் கோயமுத்தூரில் இருந்தபோது மார்மன் சபையில் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சபையில் காப்பி, தேயிலை, புகையிலை, கள், சாராயம் எதுவும் ஆகாது. அங்கே தானியேல் பார்த்த பைப் பட்டறை வேலை போனதும் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் ஊர்க் கோயிலுக்குள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கையில் இவர்கள் வீட்டு முன்பக்கத் தார்சாவில் பாய் விரித்து, தானியேல் ரொட்டியைப் பிட்டு, எவர்சில்வர் டம்ளரில் பச்சைத் தண்ணீர் வைத்து ஜெபம் பண்ணுவான். சபை மொத்தமே அவன், அவள், இரண்டு பெண்பிள்ளைகள். எப்போதாவது கோயமுத்தூரிலிருந்து வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் போட்ட இரண்டு பையன்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு அந்தச் சபையில் மூப்பர் என்று பட்டம். மீசை முளைக்காத பயல்களுக்கு மூப்பர் பட்டமா என்று ஊர் சிரித்து ஓய ஒரு மாதம் ஆனது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். அடுப்பில் புகை வராததைப் பார்த்துவிட்டு, பாவம் அரிசி இல்லை போல என்று பக்கத்து வீட்டுக்காரி சோறும் மீன்குழம்பும் கொண்டு வருவாள். ஞானக்கனி வாங்கி மூடி வைத்து, சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரத்தைக் கழுவி, மறுநாள் அதில் நாலு பழம் வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் தங்கபுஷ்பம், தானியேலின் கூடப் பிறந்த அக்காள்.

தங்கபுஷ்பம் புருஷனை இழந்தவள். பிள்ளை கிடையாது. கோயிலில் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் எல்லாம். பண்டிகைக்கு மாக்கோலம் போடுவதிலிருந்து திருவிருந்து மேசைக்கு விரிப்பு துவைப்பது வரைக்கும் அவள் கைபட்டால்தான் வேலை நடக்கும். கல்லறைத் தோட்டத்தில் அவள் புருஷனுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளில் அந்த வெற்றிடத்திலும் புல்லைச் செதுக்கிவிட்டு வருவாள். அவளுக்குத் தம்பி மேல் உயிர். தம்பி பெண்டாட்டி மேல் ஒரு கோபம், கோபத்துக்கு அடியில் ஒரு மலைப்பு.

கோபத்துக்குக் காரணம் காப்பிதான். மலைப்புக்குக் காரணம் பீடி. ஊரில் முக்கால்வாசிப் பெண்களுக்குப் பீடி சுற்றித்தான் கைச்செலவு நடந்தது. ஞானக்கனி கோயமுத்தூருக்குப் போகும் முன் அந்த வேலையில் கெட்டிக்காரி. திரும்பி வந்ததும் பீடி முறத்தைத் தொடவில்லை.

"குடிக்கத்தான கூடாதுன்னு ஒங்க சபையில சொல்லுதாவ? சுத்துனா என்னட்டி?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"எம்பிள்ளைக்குக் குடுக்க மாட்டாத சாமானை அடுத்தவ பிள்ளைக்குச் சுத்திக் குடுப்பேனா மைனி?" என்றாள் ஞானக்கனி. சொல்லிவிட்டு, விடியுமுன் தோட்டங்களுக்குப் போய் வாழையிலை அறுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் சேற்றில் நின்று இலை அறுத்து, வாய்க்காலில் கழுவி, கட்டாகக் கட்டித் தலையில் தூக்கி வந்து ரோட்டில் வைப்பாள். தானியேல் தள்ளுவண்டியில் பழமும் இலையுமாக ஏரல் வரைக்கும் போவான். கறை பட்டுப் பட்டு ஞானக்கனியின் சேலைகள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன.

பெரிய வெள்ளம் வந்து இரண்டு வருஷம் கழிந்த ஐப்பசி அது. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஏரல் வாழைத்தார் மண்டியில் வண்டிக்குப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்த தானியேல், தோளில் இருந்த தாரைப் பைய இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மண்டிக்காரர் ஷேக் மைதீன் தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அதே வேனில் வீட்டுக்குக் கொண்டு வந்தார். தள்ளுவண்டியையும் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்தார்.

"தங்கச்சி, மச்சான் மவுத்தாப் போயிட்டாரும்மா. என் கைமேலதான் உசுரு போச்சு. ஒரு சொல்லு பேசல" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் வாசலில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். ஞானக்கனி விழவில்லை. தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, மடியில் அவன் தலையை வைத்து, தாடியில் ஒட்டியிருந்த வாழைச் சருகை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூத்தவள் ஷீபாவும் சின்னவள் லில்லியும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழுதது யாருக்கும் சத்தமாகக் கேட்கவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

ஷேக் மைதீன் ரோட்டுக் கடையிலிருந்து கோயமுத்தூர் சபைக்கு டெலிபோன் போட்டுவிட்டு வந்தார். "மழையில ரோடு அறுத்துக் கெடக்காம். நாளைக்கி ராத்திரிக்குள்ள வந்து சேந்துருவோம்ங்காவ" என்றார். நாளை ராத்திரிவரை போட்டு வைக்கிற காலநிலை இல்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், நிற்கும், நின்றால் ஆவியாய்ப் புழுங்கும். இன்றைக்குப் பொழுது சாயுமுன் எடுத்தாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

எடுத்து எங்கே வைப்பது? அதுதான் கேள்வி. அதை யார் முதலில் கேட்பது என்று ஆளுக்கு ஆள் தரையைப் பார்த்தார்கள்.

ஊர்க் கோயில் சபைத் தலைவர் தேவசகாயம் வாத்தியார் குடையோடு வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார், உறவுக்காரர், கெட்டவர் கிடையாது. தானியேலுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். பிணத்தின் காலடியில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு, தார்சாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க அம்மைக்குப் பக்கத்துல எடம் கெடக்கு. குழி வெட்டச் சொல்லட்டுமா?"

வாத்தியார் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

"இங்கேரு புஷ்பம். எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. இவன் சபையை விட்டுப் போயிட்டான். பேரை எடுத்தாச்சு. பேரு இல்லாதவனை உள்ள வச்சோம்னா, நாளைக்கி எல்லாவனும் வந்து எங்க ஆளையும் வையிம்பான். பாதிரி ஐயரும் கையெழுத்துப் போட மாட்டாரு."

"எந்தம்பியத் தெருவுலயா போடச் சொல்லுதிய?"

"பொறு. சொல்லுததக் கேளு." அவர் குரலைத் தாழ்த்தினார். "செத்தவன் வந்து திரும்ப முடியாது. அவன் பெண்டாட்டி திரும்பலாம்லா? அவ திரும்பிட்டான்னா, அவ குடும்பத்து ஆளுன்னு சொல்லி உள்ள வச்சுக்கிடலாம். கோயில் கமிட்டியில நான் பேசிக்கிடுதேன். ஞாயித்துக்கெழமை சபை முன்னால ஏறி நின்னு மன்னாப்பெல்லாம் கேக்க வேண்டாம். புருசனப் பறிகுடுத்தவள அந்தப் பாடு படுத்த எனக்கு இஷ்டமில்ல."

"பொறவு என்ன செய்யணும்?"

"ஒரு காப்பி" என்றார் வாத்தியார். "இந்தா, கமிட்டி ஆளுவ இங்கனதான் இருக்காவ. இவிய முன்னால ஒங்கையால ஒரு காப்பி வாங்கிக் குடிச்சிரட்டும். அது போதும். காப்பியக் குடிச்சிட்டா அவ பழைய ஆளுதான். ஊருக்குள்ள இதுக்கு மேல அத்தாட்சி வேணுமா?"

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த ஊரில் காப்பிக்கு அவ்வளவு பெறுமதி உண்டு. அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் பத்து வருஷம் பேசாமல் இருந்தவர்கள் ஒரு லோட்டாக் காப்பியில் பேசியிருக்கிறார்கள். இதைவிட லேசான வழி இல்லை என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பிடிவாதக்காரி குடிக்க வேண்டுமே. லில்லியைப் பெற்று மயங்கிக் கிடந்தபோதுகூட காப்பியை உதட்டில் வைக்க விடாதவள்.

தங்கபுஷ்பம் தன் வீட்டு அடுக்களைக்குப் போய் அடுப்பை மூட்டினாள். மூட்டும்போதே அவள் புத்தியில் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. காப்பித்தூள் டப்பாவை எடுத்தாள், பார்த்தாள், பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். கொத்தமல்லி விதையைக் கருக வறுத்துத் தட்டினாள். சுக்கை நசுக்கினாள். கருப்பட்டியைப் போட்டுக் கொதிக்க வைத்தாள். வடிகட்டிப் பார்த்தால் காப்பி நிறம்தான், காப்பி நுரைதான். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆண்டவரே எனக்கு இந்தப் புத்தியைத் தந்தார் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

ஞானக்கனியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். மழை விட்டிருந்தது. வாழைக் கன்றுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி ஞானம், நல்லாக் கேட்டுக்கிடு. வாத்தியாரு சொன்னது ஒங்காதுலயும் விழுந்திருக்கும். இந்தா, இதுல ஒரு பொட்டு காப்பித்தூள் கெடயாது. மல்லியும் சுக்கும் கருப்பட்டியும்தான். மோந்து பாரு. செத்த நேரங் கழிச்சு எல்லாரு முன்னாலயும் இதத்தான் கொண்டாந்து தருவேன். வாங்கிக் குடிச்சிரு. ஒஞ் சபைக்கும் பொல்லாப்பு இல்ல, எஞ் சபைக்கும் பொல்லாப்பு இல்ல. எந்தம்பி எங்க அம்மை பக்கத்துல படுத்துக்கிடுவான்."

ஞானக்கனி லோட்டாவை இரண்டு கையாலும் வாங்கி மோந்து பார்த்தாள்.

"நல்ல மணமா இருக்கு மைனி. தொண்டை வறண்டு கெடக்கு. இங்கன குடிக்கட்டா?"

"இங்கன குடிச்சு என்னத்துக்கு? அங்கன வந்து குடி."

"அங்கன குடிக்க மாட்டேன் மைனி."

தங்கபுஷ்பத்துக்கு ஆத்திரம் பொங்கியது. "கோட்டிக்காரி மாதிரிப் பேசாத. இதுல காப்பி இல்லன்னுதான சொல்லுதேன்?"

"காப்பி இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவிய காப்பின்னுல்லா நெனப்பாவ? நான் திரும்பிட்டேன்னுல்லா நெனப்பாவ?"

"நெனச்சிட்டுப் போட்டும். அவிய நெனச்சா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"நான் திரும்பிட்டேன்னா எம்பிள்ளைக்கு யாரு மைனி இருக்கா?"

"ஷீபாவும் லில்லியும் ஒங்கூடத்தான இருக்காளுவ?"

"அவளுவ இல்ல. மூத்தவன்."

தங்கபுஷ்பத்துக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு நினைவு வந்தது. கோயமுத்தூருக்குப் போகும் முன், இதே வீட்டில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. ஐயர் ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார், அதற்குள் போய்விட்டது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் சொன்னார். அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஓடைக்கரையில் புதைப்பதுதான் வழக்கம். மணி அடிக்கவில்லை. தானியேல் ஒருத்தனே துணியில் சுற்றி எடுத்துப் போனான். ஊர் அதை அன்றோடு மறந்தது. தங்கபுஷ்பமும்தான்.

"அன்னைக்கி எங்கிட்ட எல்லாரும் என்ன சொன்னாவ? ஆண்டவர் சித்தம், அடுத்தது பொறக்கும்னாவ. அவன் எங்க இருக்கான்னு கேட்டா ஒருத்தருக்கும் வாய் வரல. ஐயருகிட்டயும் கேட்டேன். அது ரகசியம், அதப் பத்தி நமக்குச் சொல்லப்படலன்னாரு. மார்ல பாலு கட்டிப்போய்க் கெடக்கேன் மைனி, எனக்கு ரகசியம்னு சொன்னா எப்பிடி?" ஞானக்கனியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கோயமுத்தூர்ல அந்தப் பையங்க வாசல்ல வந்து நின்னாவ. அவிய ஒங்க தம்பிகிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்போது நான் உள்ள இருந்து கேட்டேன். ஞானஸ்நானம் இல்லாமச் செத்த பிள்ளை எங்க இருக்கும்னு கேட்டேன். அதுல ஒருத்தன், சின்னப் பய, ஒரு நிமிசம்கூட யோசிக்கல. ஆண்டவர்கிட்டத்தான் இருக்கும்மா, பச்சப்பிள்ளைக்கு என்ன பாவம், அதுக்கு ஞானஸ்நானமே வேண்டாம்னான்."

"அதுக்காவயாட்டி?"

"அதுக்காவத்தான். அன்னைக்கே சொல்லிட்டேன் ஒங்க தம்பிகிட்ட. நான் இந்தச் சபைக்குப் போறேன், நீங்க வந்தா வாங்கன்னு. அவிய பொறவு மூணு மாசம் கழிச்சுத்தான் வந்தாவ."

தங்கபுஷ்பம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தம்பிதான் எங்கோ போய் எதையோ பிடித்து, இந்தப் பேசாமடந்தையையும் இழுத்து வந்துவிட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. முதலில் நடந்து போனவள் இவள். பழக்கமில்லாத ஊரில், தெரியாத சபையில், ஒற்றைப் பெண்பிள்ளையாகப் போய்த் தண்ணீரில் முங்கி எழுந்தவள் இவள். இலைக்கறை படிந்த இந்தக் கையை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

"இப்பம் நான் தப்பாப் போனேன்னு சொன்னா, அந்தப் பையன் சொன்னதும் தப்புன்னு ஆவும். அப்பம் எம்பிள்ளை மறுபடியும் எங்க இருக்கான்னு தெரியாம ஆயிரும். அது என்னால முடியாது மைனி. ஒங்க தம்பிக்கும் முடியாது, உசுரோட இருந்தா."

சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே லோட்டாவை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். காலையிலிருந்து அவள் வாயில் எதுவும் படவில்லை. காலி லோட்டாவை வாளித் தண்ணீரில் கழுவி நாத்தனார் கையில் கொடுத்தாள். "வயிறு குளுந்துச்சு" என்றாள்.

தார்சாவில் வாத்தியார் காத்திருந்தார். கமிட்டிக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். தங்கபுஷ்பம் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து வாத்தியாரின் முகம் மாறியது. ஞானக்கனி அவர் முன்னால் வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க எரக்கப்பட்டுத்தான் சொன்னிய. எனக்குத் தெரியும். ஆனா நான் குடிக்கல. அவியள மதிலுக்கு வெளிய, எம்பிள்ளை பக்கத்துல வச்சுக்கிடுதேன். அது பொறம்போக்குதான?"

"அம்மா, அது ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையளையும் நாண்டுக்கிட்டுச் செத்தவியளையும் போடுத எடம். அங்கன மானமரியாதையா ஒருத்தரையும் வச்சது கெடயாதும்மா."

"இன்னைக்கி வைப்போம் அண்ணாச்சி."

ஷேக் மைதீன்தான் எழுந்தார். "கபுறு வெட்ட எனக்குத் தெரியும் தங்கச்சி. எடத்த மட்டும் காட்டச் சொல்லு" என்றார். ஷீபா இடம் தெரியும் என்றாள். இலை அறுக்கப் போகும்போது அம்மா தினமும் அங்கே நின்றுவிட்டுத்தான் போவாள் என்றும் சொன்னாள். அவர் மண்டி ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, மம்பட்டி கடப்பாரையோடு அவள் பின்னால் போனார். பெட்டிக்கும் ஏரலில் அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

பெட்டி வந்தது. ஷீபாவும் திரும்பி வந்தாள். கோயில் சவவண்டி கிடைக்காது என்று சொல்ல யாரும் துணியவில்லை, கேட்கவும் இல்லை. ஞானக்கனி தள்ளுவண்டியைக் கழுவினாள். பலகையில் ஒட்டியிருந்த பழைய வாழைப்பால் கறையைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். காலையில் அறுத்து வைத்த தலைவாழை இலைகளைப் பிரித்து விரித்தாள். வேன் டிரைவரும் பெட்டி கொண்டு வந்தவனும் பிடிக்க, தானியேல் தன் வண்டியில் ஏறினான். ஞானக்கனி கைப்பிடியைப் பிடித்தாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். டிரைவர் தள்ள வந்தான். "நீங்க போய்க் குழி வெட்டுங்கண்ணே, அங்கன ஆளு பத்தாது" என்று அனுப்பிவிட்டாள்.

தங்கபுஷ்பம் குடையோடு பின்னால் நடந்தாள். வண்டியைத் தொடவில்லை. கமிட்டிக்காரர்கள் கண் தன் முதுகில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. தொட்டுவிட்டால் நாளைக்கு அவள் பேருக்கும் அதே கதிதான். புருஷனுக்குப் பக்கத்தில் புல் செதுக்கி வைத்த இடம் கண்ணுக்குள் வந்தது. கூடப்பிறந்தவனுக்காகப் பின்னால் நடப்பதில் குற்றமில்லை, நடந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரே தெருதான். வீடுகளில் பெண்கள் வாசல்நிலையில் நின்று வாயைப் பொத்தி அழுதார்கள். ஆண்கள் கோயில் முகப்பில் மழைக்கு ஒதுங்கினதுபோல் நின்றார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. தானியேலிடம் பழம் வாங்காத வீடு கிடையாது. முதலில் யார் இறங்குகிறான் பார்ப்போம் என்று ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

கோயிலுக்கு நேர் எதிரே, தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் வண்டியின் முன்சக்கரம் இறங்கியது. வண்டி சாய்ந்தது. பெட்டி இலையில் வழுக்கி ஒரு சாண் நகர்ந்தது. லில்லி அப்பா என்று கத்தினாள். ஞானக்கனி கைப்பிடியை ஷீபாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். தோளைப் பலகைக்கு அடியில் கொடுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் சபிக்கவில்லை. தினமும் இலைக்கட்டைத் தூக்குகிற மாதிரியே மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். சக்கரம் அரை அடி ஏறி மறுபடி இறங்கியது. மறுபடியும் தோளைக் கொடுத்தாள்.

தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதத்தில் பெரிய பெரிய மனுஷிகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறாள். அவர்கள் எல்லாம் எங்கேயோ, எப்போதோ இருந்தவர்கள் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒருத்தி தன் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த நினைப்பில் அவளுக்குப் பயம்கூட வந்தது, கோயிலுக்குள் தனியாக நிற்கும்போது வருகிற மாதிரி ஒரு பயம். குடை கையிலிருந்து போனது அவளுக்குத் தெரியவில்லை. சேற்றில் இறங்கி, ஞானக்கனிக்கு அடுத்தாற்போல் முழங்கால் போட்டு, தன் தோளையும் அடியில் கொடுத்தாள்.

"சீல பாழாப் போவும் மைனி" என்றாள் ஞானக்கனி.

"தூக்குட்டி" என்றாள் தங்கபுஷ்பம்.

இரண்டு பேரும் தூக்கினார்கள். சக்கரம் ஏறிவிட்டது.

கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டி, ஓடைக்கரையில் ஒரு உடைமரத்தடியில் ஷேக் மைதீன் குழியை வெட்டி முடித்திருந்தார். குழியில் ஊறிய தண்ணீரை அவர் ஆட்கள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஆள் கைநீளத்துக்கு மட்டும் புல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அதுதான் பிள்ளை. அதன்மேல் மண் சரியாதபடி அவர் சுற்றிலும் பனைமட்டை ஊன்றியிருந்தார்.

பெட்டியைக் கயிறு போட்டு இறக்கினார்கள். இறக்கிய பிறகு எல்லாரும் சும்மா நின்றார்கள். வழக்கமாக இந்த இடத்தில் ஐயர் பேசுவார்.

"எங்க சபையில குழிக்கு ஜெபம் பண்ண ஊழியம் வாங்குன ஆம்பள வேணும் மைனி. இந்தப் பக்கத்துல அவிய ஒருத்தருதான் இருந்தாவ" என்று ஞானக்கனி பெட்டியைக் காட்டினாள். "கோயமுத்தூர்க்காரவிய வந்து அதச் செய்யட்டும். இப்பம் நாம சும்மா ஒரு ஜெபம் பண்ணுவோம். வீட்டுக்கு மூத்தது நீங்கதான். நீங்க பண்ணுங்க."

தங்கபுஷ்பத்துக்குப் பழக்கம் எல்லாம் சபையோடு சேர்ந்து சொல்லுகிற ஜெபம்தான். தானாக வாய் திறந்தது கிடையாது. கண்ணை மூடி, "ஆண்டவரே, எந்தம்பி தானியேலை" என்று ஆரம்பித்தாள். அந்தச் சின்ன இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வரவில்லை. கண்ணைத் திறந்தாள்.

"ஏட்டி, இவனுக்குப் பேரு வச்சியளா?"

"வச்சோம் மைனி. ஐயரு வந்து எழுதல, அவ்வளவுதான். அவன் அப்பாவே மொத நாள் காதுல சொல்லிட்டாவ. மாசிலாமணி."

அது தங்கபுஷ்பத்தின் அப்பா பேர். ஆசீர்விளையில் மூத்த பேரனுக்குத் தாத்தா பேரைத்தான் விடுவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பேர் இருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. மதிலுக்கு உள்ளே, இங்கிருந்து கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில், அதே பேரைச் சலவைக்கல்லில் வெட்டி வைத்து வருஷாவருஷம் பூப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மதிலுக்கு மேலே ஒரு குடை தெரிந்தது. தேவசகாயம் வாத்தியார் உள்பக்கமாக வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"புஷ்பம்" என்றார் பைய. "உள்ள ஒனக்கு எடம் கெடக்கு. நாலு பேரு பாக்காவ. யோசிச்சுச் செய்யி."

"உள்ள இருக்கவியளுக்கெல்லாம் மணி அடிச்சு, ஆளு கூடி, பாட்டுப் பாடி வச்சாச்சு அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம். அவளுக்கு அழுகையில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "எங்க அப்பா பேரு வச்ச பிள்ளை இத்தனை வருசமா இங்கன ஒத்தையில கெடந்திருக்கான். அத்தைக்காரி நான் அடுத்த வீட்டுல இருக்கேன். பேரு என்னன்னு இன்னைக்கித்தான் கேக்கேன். என் எடத்த வேற யாருக்காவது குடுங்க."

வாத்தியார் குடையை மடக்கினார். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. அவர் போகவில்லை, நனைந்துகொண்டு அங்கேயே நின்றார்.

தங்கபுஷ்பம் ஒரு கையால் ஞானக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடி, மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி, தகப்பனையும் மகனையும் பேர் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்படைத்தாள்.